பூவிதழாய் விரிந்த வயிறு

மளிகைப் பொட்டலத்தில் இன்று நனைந்த காகித வாசம் வந்ததும், ராயபுரத்தில் அப்பா வைத்திருந்த, பின்னர் இடிக்கப்பட்ட பழைய காகிதக் கிடங்கும், உப்புக்காற்றில் ஊறி அங்கே அடுக்கடுக்காகக் கிடந்த வெள்ளைக்காரர்களின் வைத்தியப் புத்தகங்களும் நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்றிலிருந்த படத்தில், வயிறு பூவிதழ்களாக விரிந்து, உள்ளே குழந்தை உறங்க, அமைதியாக நின்றிருந்தாள் ஒரு பெண். அந்தப் படத்தை, ஏழு மாதக் கர்ப்பமாயிருந்த அம்மாவிடம் ஆசையாகக் காட்டினேன்.

"அய்ய, இன்னாடி இது? இவளுக்கு வலிக்காதா?" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் தம்பி இறந்தே பிறந்தான்.

"புள்ளத்தாச்சிகிட்ட போயி இதையா காட்டுவ, பாவி?" என்றாள் அத்தை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

படம் யாரையும் கொல்லாது என்று படித்தவள்தான் நான். ஆனாலும், மகளைச் சுமந்த பத்து மாதமும் படம் போட்ட எந்தப் புத்தகத்தையும் நான் திறக்கவில்லை.