தேத்தண்ணியில் விழுங்கிய மாத்திரை

அண்ணியின் இரத்தத்தை நான்தான் பரிசோதித்தேன். தேயிலை மலையூரான தானா ராத்தாவில் ஒரு கிளினிக்கில் ஆய்வக வேலை எனக்கு. போன மாதத்தைவிட ஹீமோகுளோபின் எண் இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் பிரசவத்துக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இரத்தமும் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

என் குறிப்பேட்டில் காரணங்களை எழுதினேன். மூன்றாவது பிள்ளை, மூத்ததற்கே மூன்று வயது. நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பு. குடற்பூச்சி மருந்து எடுக்கவில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள். இரும்புச்சத்து மாத்திரை, தினமும். அதற்கு நேரே ஒரு டிக்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்காகச் சுவரொட்டி வாங்கிக்கொண்டு தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். ஆட்டின் மண்ணீரல், இரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புவார்கள். அம்மா மிளகு போட்டு வறுத்து, அண்ணன் தட்டில் வைத்தாள்.

"அவளுக்கு வாங்குனதும்மா."

"அவளுக்குக் கவிச்சி ஆகாது லா. வாயில வைக்க மாட்டா."

எல்லோரும் எழுந்த பிறகு அண்ணி, வாணலியில் ஒட்டியிருந்த மசாலாவைச் சோற்றால் துடைத்துச் சாப்பிட்டாள்.

பிறகு அம்மா மாத்திரையும் ஒரு மக் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். பால் இல்லாமல், கறுத்துக் கெட்டியாக.

"இதுலயா முழுங்குறீங்க, அண்ணி?"

"ஆமாம்மா. வெறும் தண்ணின்னா துரு நாத்தம் அடிக்குது."

"எத்தனை நாளா?"

"மாத்திரை குடுத்த நாள்லேர்ந்து."

தேயிலை அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது என்றேன். அண்ணன் சிரித்தான். "அப்ப திருடன் நம்ம தூளுதானா? கங்காணிகிட்டச் சொல்லிப் புடிச்சுக் குடுத்துருவோமா?" அவன் மீசையில் சுவரொட்டி மசாலா.

எனக்கு வந்த அருவருப்பு அவனோடு நிற்கவில்லை. நானும் அதே வீட்டில்தான் பிறந்தேன். காய்ச்சல் மாத்திரையையும் தேத்தண்ணியில்தான் விழுங்கி வளர்ந்தேன். அப்படியிருந்தும் "சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் மாதாமாதம் கேட்டு டிக் போட்டிருக்கிறேன். எதோடு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தேத்தண்ணியை வாசல் சாக்கடைக் கானில் கொட்டினேன். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் மாத்திரையை விழுங்கவைத்தேன். அதன்பின் தினமும் போன் செய்து கேட்டேன்.

அடுத்த மாதம் எண் கொஞ்சம் ஏறியது. ஈப்போ வேண்டாம் என்றார் டாக்டர். சொல்லலாம் என்று லயத்துக்குப் போனால், சேதி அண்ணியோடு முன்பே வந்திருந்தது; அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாராவாரம் சுவரொட்டி வாங்கிப் போட்டேன்ல? ஏறாம எங்க போவும்?"

அண்ணி வாசலில் உட்கார்ந்து வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.