பரிசோதனை அறைக்குக் கூட வந்த பழனியம்மாள் அக்கா

மதியச் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்திய நேரத்தில் போன் வந்தது. வெள்ளகோவிலில், மகள் வீட்டில், மாரடைப்பில் பழனியம்மாள் அக்கா போய்விட்டார். செக்கிங் பிரிவில் அவரோடு நின்று வேலை பார்த்த உங்கள் எல்லோரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பகல்.

முதலிபாளையம் பனியன் கம்பெனியில், கட்டிங் மேசையில் துணியைப் பிடித்திருந்தபோது கத்தி என் வலது கையில் இறங்கியது. காயம் ஆறிய பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இழப்பீட்டை முடிவுசெய்ய மருத்துவர் கையைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனி வேனில் அழைத்துப் போனார்கள். மேனேஜரும் வந்தார். என் வீட்டுக்காரர் தென்காசிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தார். அதைக் கேள்விப்பட்ட அக்கா லீவு போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். எதற்கு என்று மேனேஜர் கேட்டதற்கு, "தொணைக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

அறையில் மருத்துவர் என்னைக் கேட்டதற்கெல்லாம் மேனேஜரே பதில் சொன்னார். "இப்ப நார்மல் ஆயிடுச்சு டாக்டர். அடுத்த வாரம் வேலைக்கு வந்துரும்." நான் தலையைக் குனிந்து, "ஆமா சார்" என்றேன்.

அக்கா முன்னால் வந்தார்.

"ஏனுங்க சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. உங்க மொகத்தைப் பாத்துக்கிட்டு இந்தப் புள்ள வலிக்குதுன்னு எப்படீங்க சொல்லும்?"

தன் வேலை யார் கையில் இருந்ததோ, அவரிடமே சொன்னார். குரல் உயரவே இல்லை. மேனேஜர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் கதவைக் காட்டினார்.

கதவு சாத்தியதும் அக்கா என் தோளைத் தொட்டார். "உள்ளதைச் சொல்லு கண்ணு. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

"விரல் மடங்க மாட்டேங்குது சார். சோறு பிசைய முடியல. பிள்ளைக்குச் சடை பின்ன முடியல" என்றேன். மருத்துவர் ஒவ்வொரு விரலையும் மடக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது வேன் போயிருந்தது. பஸ் நிறுத்தத்தில் டீ வாங்கினோம். அக்காவின் கையில் கிளாஸ் நடுங்கி, டீ சேலையில் சிந்தியது.

"என்னக்கா, பயந்துட்டீங்களா?"

"பின்ன, பயமில்லாம இருக்குமா கண்ணு? அதுக்காக உன்னைய அங்க தனியா உட்டுற முடியுமா?"

எனக்கு இழப்பீடு கிடைத்தது. அக்காவுக்கு அந்த மாதமே வேலை போனது. ஆர்டர் குறைவு என்று காரணம் சொன்னார்கள். வேறு கம்பெனி தேடிக்கொண்டார். ஒரு நாள்கூட அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

சாவு வீட்டில் அவரைப் பயமே அறியாதவர் என்று புகழ்ந்தார்கள். அவருடைய பயத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நடுங்கிய அந்தக் கைதான் எனக்கு மிச்சம்.