பிள்ளையார் முன்னால் உட்கார்ந்த கார்

எங்கள் அபிராமபுரம் வீட்டு போர்ட்டிகோவில் பதினோரு வருஷமாக ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். படுத்துக் கிடந்தது.

அறுபதுகளில் வெளிநாட்டில் செய்த வண்டி. ஸ்பிரிங் கிடையாது; எண்ணெயும் வாயுவும்தான் அதைத் தாங்கும். என்ஜினைப் போட்டால் எழுந்து நிற்கும், அணைத்தால் சற்று நேரத்தில் தரையோடு உட்கார்ந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்விளக்கும் கூடவே திரும்பும். "காலத்துக்கு ஐம்பது வருஷம் முந்தின வண்டியாக்கும்" என்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்து அளப்பேன். கூரியர்காரரைக்கூட விட்டதில்லை. அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஓடுமா சார்?" என்று கேட்பார். நான் பேச்சை மறுபடி முன்விளக்குக்குத் திருப்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகலாமா என்று என் மனைவி கேட்கும்போதெல்லாம், "வண்டி ரெடியாகட்டும், அதிலேயே ஜம்முனு போகலாம்" என்று வாக்குக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வேன். வெளியே நீட்டியிருக்கும் என் இரண்டு காலுக்குப் பக்கத்தில் காபியை வைத்துவிட்டு அவள் போய்விடுவாள். ஞாயிறெல்லாம் இப்படியே கழிந்தன. வண்டியில் எந்தப் புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அவள் முட்டி இரண்டும் தேய்ந்ததை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சே, என்ன மனுஷன்!

கடைசியில் மேற்கு மாம்பலத்து மெக்கானிக் ஒருவர் வந்து வண்டியை எழுப்பினார். எழுப்பிவிட்டு, "சார், ஒண்ணு சொல்றேன் கேளு. ஆஃப் பண்ணா அது பாட்டுக்கு குந்திக்கும். அடில எதுனா கீதான்னு பாத்துக்கோ" என்றார். எனக்கே பாடமா என்று சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு தெருமுனைப் பிள்ளையாரிடம் வண்டிப் பூஜை. நாலரைக்கு ராகுகாலம் வந்துவிடும். அதற்குள் முடித்துவிட்டு நேரே பீச் என்பது திட்டம். வண்டி உயரமாக நின்றதால் மனைவி முட்டியை அதிகம் மடக்காமல் பின்சீட்டில் ஏறிவிட்டாள். "பரவாயில்லையே, சோபாவாட்டம்னா இருக்கு!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திருஷ்டிப் பூசணிக்காய் மேல் கற்பூரமும் வைத்தாயிற்று. ஆனால் கடல்காற்றில் அது பற்றுவேனா என்றது. மணி நாலு இருபது. அதிமேதாவி நான் சும்மா இருப்பேனா? பூசணிக்காயைக் காற்றுப் படாத இடமாக, முன் பம்பருக்கு அடியில் நகர்த்தி வைத்தேன். "புகையடிக்கறது, என்ஜினைச் சித்த அணையுங்கோ" என்றார் குருக்கள். சாமி காரியமாயிற்றே என்று பயபக்தியோடு அணைத்தேன். இறங்கி வந்து கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது வண்டி மெதுவாக முகத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "தோ பாரு, வண்டி சாமி கும்புடுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவில் போன நாலு பேர் செருப்பைக் கழற்றினார்கள். அடியில் பூசணிக்காய் டப்பென்று பிளந்தது. அதற்கு மேலே போகிற எண்ணெய்க் குழாயும் உடைந்துபோயிற்று. நல்லவேளை, கற்பூரம் இன்னும் பற்றியிருக்கவில்லை.

"உடைக்கற வேலை மிச்சம்" என்றார் குருக்கள்.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ஜின் ஓடியது, வண்டி எழுந்திருக்கவில்லை. பின்சீட் தரையோடு தரையாகக் கிடந்தது. அதில் என் மனைவி.

நான் ஒரு கையும் பூக்கார அம்மா ஒரு கையும் பிடித்துத் தூக்கியும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. "விடுங்கோ" என்றாள். "மணல்ல உக்காந்தா எழுந்துக்க முடியாதேன்னுதான் ரெண்டு வருஷமா பீச்சுன்னு கேக்கறதையே விட்டேன். இங்கயே அது ஆயிடுத்து."

கேட்பதை விட்டுவிட்டாளா? எனக்கு அது தெரியவே தெரியாது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

போன் செய்ததும் மெக்கானிக் வந்து ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். "அப்பவே சொன்னேனே சார்" என்றார், அதோடு விட்டார். மனைவியை இறக்கி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"ராகுகாலம் வந்துடுத்தே" என்றாள்.

"இதுக்கு மேல அது என்ன பண்ணிடும்? ஏறு."

பதினோரு வருஷமாக என் கார் கொண்டுபோகாத இடத்துக்கு ஆட்டோ இருபது நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டது.

மணலில் இறங்கவில்லை. ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். நான் சுண்டலைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்ததைப் பார்த்து, "அந்தக் குழாய் எங்க கிடைக்கும்னுதானே யோசிச்சிண்டிருக்கேள்?" என்றாள்.

"இல்லை" என்றேன். எழுந்திருக்கும்போது எந்தப் பக்கம் கை கொடுத்தால் அவளுக்கு வலிக்காது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் நம்பவில்லை.