கொடுத்து வைத்தவள் என்று சொல்லாதீர்கள்

நாகு அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. அக்காவின் கணவர் தணிகாசலம் அண்ணன் போனில் கூப்பிட்டார். "ரூத்தும்மா, அக்கா குளிச்சுட்டு வந்து சேர்ல உக்காந்தா. அப்படியே சாஞ்சுட்டா. கூப்ட்டா பேச மாட்டேங்குறா. நீ கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். ஒரு நர்ஸோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்கு நாடி பார்க்கத் தெரியாமலா இருக்கும்? பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். அது புரிந்தும் நான் ஈரக் கையோடு ஆட்டோவுக்கு ஓடினேன்.

செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. மலையடிவாரத்தில் அவர்கள் தெரு முனையில் பூ விற்கும் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "போய்ட்டாங்க சிஸ்டர். பூவோட பொட்டோட போய்ட்டாங்க. கொடுத்து வெச்ச மகராசி" என்றார். தன் சாவில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே அது கைவிட்டுப் போயிருந்தது.

அக்காவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் பாதிப் பேராவது அன்று அதைச் சொல்லியிருப்பீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள், தெரியும். கணவனுக்கு முன்னால் போகும் பெண்ணை அப்படித்தான் நம் ஊரில் வாழ்த்தி அனுப்புகிறோம். ஆனால் அதைக் கேட்டால் அக்காவுக்கு ஏன் பற்றிக்கொண்டு வரும் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். அக்கா எனக்கு சீனியர். கட்டுப் போடும் அறைதான் அவர் ராஜ்ஜியம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவதால் தமிழும் தெலுங்கும் கலந்துதான் அங்கே பேச்சு நடக்கும். அக்கா ஆறுதல் சொல்வது தமிழில், திட்டுவது தெலுங்கில். "திட்றதுக்கு அதான் வாட்டமா இருக்குது" என்பார். அந்த அறைக்கு அவ்வப்போது மணிக்கட்டில் கிழிசலோடு பெண்கள் வருவார்கள். புருஷனின் கருமாதியில் வளையல் உடைத்தபோது கண்ணாடி குத்திய காயம். கையைப் பிடித்து மோதி உடைத்தவர்களே துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா இடுக்கியால் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து ட்ரேயில் போடுவார். அந்த நேரத்தில் மட்டும் எந்த மொழியிலும் பேச மாட்டார்.

பிறகு அவருக்கு அந்த யோசனை வந்தது. வார்டில் ஆண் யாராவது இறந்துவிட்டால், உடலை எடுப்பதற்கு முன் அவர் மனைவியைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்துவார். "ஒனக்கு வளையல் வேணுமா, வேணாமா? என்கிட்ட மட்டும் சொல்லு" என்று கேட்பார். வேண்டும் என்று தலையாட்டினால் போதும். வளையல் வெளியே தெரியாமல் பஞ்சு வைத்து இரண்டு கைக்கும் முழங்கை வரை கட்டுப் போட்டுவிடுவார். வெளியே வந்து சொந்தக்காரர்களிடம், "மயக்கம் போட்டு வுழுந்ததுல கை அடிபட்டுகீது. நான் பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. சீழ் புடிச்சா கையயே எடுக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்வார். அவர் பிரிப்பதற்குள் கருமாதி முடிந்திருக்கும்.

புதிதாக வந்த ஒரு இளம் டாக்டர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். "எங்க சிஸ்டர் காயம்?" என்று கேட்டார். "வரப்போற காயம் சார். முன்கூட்டியே கட்டிட்டேன்" என்றார் அக்கா, பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். டாக்டர் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

எல்லாரும் தலையாட்டியதில்லை. வயதான ஒரு அம்மா, "அவரே போய்ட்டாரு, இந்தக் கண்ணாடி எனக்கு இன்னாத்துக்கு?" என்று கட்டில் கம்பியில் தானே கையை மோதி உடைத்துக்கொண்டார். அக்கா தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துடைப்பம் எடுத்துவந்து சில்லுகளைப் பெருக்கினார். "அழுவுறவளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது ரூத்து" என்று மட்டும் பிறகு சொன்னார்.

"எங்க ஆளுங்கள்ல இதெல்லாம் இல்லக்கா" என்று நான் அடிக்கடி பீற்றிக்கொள்வேன். தாத்தாவின் தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம் என்ற கர்வம். என் அப்பா இறந்தபோது அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, பக்கத்தில் ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, அம்மா கையிலிருந்து வளையல்களை நோகாமல் உருவினார். ஒன்றுகூட உடையவில்லை. பிறகு வெள்ளைப் புடவை கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அக்கா என் காதோடு சொன்னார்: "நாங்க உடைக்கிறோம். நீங்க சோப்பு போட்டுக் கழட்றீங்க. அவ்ளோதான்டி வித்தியாசம்." அப்பாவைப் புதைத்த அன்றைக்கா இதைச் சொல்வது என்று எனக்குப் பொல்லாத கோபம். கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு வளையல் வாங்கிக்கொண்டுதான் போனேன். அம்மா அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா சாமி கும்பிடாதவர் அல்ல. கிருத்திகை தவறாமல் மலையேறுவார். தலையில் பூ இல்லாமல் அவரைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. குங்குமத்தை மட்டும் விட்டுவிட்டார். சின்னப் பெண்கள் ஒட்டிக்கொள்கிற கறுப்பு ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறிக்கொண்டார். "வூட்ல ஆம்பள உயிரோட கீறாரா இல்லையான்னு என் நெத்தியில எதுக்குடி போர்டு மாட்டணும்?" என்பார். அண்ணனுக்கு முதலில் ரொம்ப வருத்தம். சாப்பாட்டுத் தட்டின் முன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் அவரே கடைத்தெருவிலிருந்து அட்டை அட்டையாக ஸ்டிக்கர் வாங்கிவர ஆரம்பித்தார். "உங்க அக்காவோட சைஸு எனக்குத்தாம்மா தெரியும்" என்று என்னிடம் பெருமையடித்துக்கொள்வார்.

ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொள்ள, நான் அவர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். இருவரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே மேளம், அரோகரா சத்தம். அக்கா திடீரென்று சொன்னார்: "நான் முன்னாடி போய்ட்டா என்ன கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு, நெத்தி நெறைய குங்குமத்த அப்புவாங்க. வர்றவளுங்க எல்லாம் அதத் தொட்டு எடுத்துகினு போவாளுங்க, கொடுத்து வெச்சவ, கொடுத்து வெச்சவன்னு சொல்லிகினு. உடாத ரூத்து. நான் கொடுத்து வெச்சவன்னா, புருஷனப் பறிகுடுத்தவளுங்க எல்லாம் கெடுத்து வெச்சவளுங்களா?" நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. "ஆங்னு சொல்லு" என்றார். "ஆங்" என்றேன். கடலைத் தோலை ஊதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தேசம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற குடும்பம். கணவன் எங்கள் வார்டில்தான் இறந்தான். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கேட்டபோது, "இது எங்க நைனா திருவிழாவுல வாங்கிக் குடுத்த வளையலுக்கா. அந்தாளு வாங்கினதுகூட இல்ல. இத எதுக்கு உடைக்கணும்?" என்றாளாம். கட்டுப் பிரிக்க வந்த அன்று இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள். பிறகு அக்கா வீடு அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த வளையல்களோடுதான் தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் போனாள். மணமேடைப் பக்கம் வராதே என்று சொல்லிப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக அக்காவிடம் வந்து மடியில் விழுந்து அழுதாள். எதற்கும் ஒரு வழி வைத்திருக்கிற அக்கா அன்று அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்ததோடு சரி. "கையக் கட்டத் தெரிஞ்சுது எனக்கு. அவுங்க வாயக் கட்டத் தெரியலியே" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அக்காவின் நாத்தனார் கனகம்மாள் வந்துவிட்டார். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, அரக்குப் பட்டு கட்டி, தலை கொள்ளாமல் மல்லிகை வைத்தார்கள். ஸ்டிக்கர் எங்கேயோ போய்விட்டது. கனகம்மாள் குங்குமத் தட்டோடு வந்தபோது, "பெரியம்மா, அக்காவுக்கு இது வேணாம். என்கிட்ட சொல்லியிருக்காங்க" என்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் என் கன்னத்தைத் தடவினார். "உங்க வழக்கம் வேற கண்ணு. உனக்கு இது புரியாது. அவளுக்கு ஒரு கொறையும் வெக்காம அனுப்பணும்ல?" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். "அவ நல்லதுக்குத்தானம்மா பண்றாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவின் ஒரே மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். நிறைமாதம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதில் அவள் அழுதுகொண்டே, "அம்மா நெத்தி காலியா இருக்குது அத்தை. பெருசா ஒரு பொட்டு வெச்சு உடுங்க" என்றாள். பெற்ற மகளே சொன்ன பிறகு நான் யார்? சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் தேசம்மா வந்தாள். பஸ் கிடைக்காமல் தவித்து வந்த முகம். யாரையும் பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் போய், கனகம்மாள் கையிலிருந்த தட்டில் விரலை வைத்துக் குங்குமத்தை எடுத்தாள். கனகம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஐயோ, நீ வெக்கக் கூடாது. அறுத்தவ கை சுமங்கலி நெத்தியில படலாமா? தள்ளி நில்லு."

தேசம்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். அக்கா இருந்தா என் கையத் தட்டி உடுவாங்களா?"

மாட்டார். அந்தக் கையைத் தட்டிவிட மாட்டார். ஆனால் அந்தக் குங்குமத்தைத் தட்டிவிட்டிருப்பார். இதை அங்கே எப்படிப் பிரித்துச் சொல்வது? வேண்டாம் என்றால் நானும் சேர்ந்து தேசம்மாவைத் தள்ளிவைத்ததாக ஆகும். வை என்றால் அக்கா கூடாது என்றதை நானே வைக்கச் சொன்னதாக ஆகும். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். "தட்டி உட மாட்டாங்க. நீ வை" என்றேன்.

அக்கா பேரைச் சொன்னதும் கனகம்மாள் கையை விட்டுவிட்டார். தேசம்மா நிதானமாக, வட்டமாக, பெரிதாக வைத்தாள். "இப்பதான் அம்மா அழகா இருக்காங்க" என்றாள் மகள் போனில். வழக்கப்படி அடுத்து சுமங்கலிகள் வந்து அந்தக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் காத்திருந்த பெண்கள் ஒருவரும் வரவில்லை. கைம்பெண் கை பட்ட குங்குமம். ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். கொடுத்து வைத்தவள் என்ற பேச்சும் அதோடு நின்றுவிட்டது.

அக்கா கேட்டதில் இதாவது நடந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்து ஊர்ப் பெண்களின் கைகளைக் கட்டி மறைத்தாரோ, அதே வழக்கத்தின் தயவில் நடந்தது. இதற்கு நான் சந்தோஷப்படுவதா?

தேசம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் கை பட்டதாலதான் யாரும் வரலியா சிஸ்டர்? அக்காவுக்கு வர்ற மரியாதைய நான் கெடுத்துட்டனா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. முன்னால் போய்க் குனிந்தேன். அக்காவின் நெற்றியில் விரல் வைத்துக் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பொட்டு வைத்தறியாத நெற்றி. "யாரு வரல? நான் வந்துட்டன்ல?" என்றேன். தேசம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணனும் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது தேசம்மாதான். மாதத்துக்கு ஒருமுறை டவுன் பஸ்ஸில் வருகிறாள், சாப்பிடுகிறாள், வார்டு கதைகளைப் பேசிச் சிரிக்கிறோம். அன்றைய தினத்தைப் பற்றி மட்டும் அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

அக்கா, யாரையும் தொட்டு எடுக்க விடாதே என்று நீங்கள் சொன்ன குங்குமத்தை அந்த வீட்டில் தொட்டு எடுத்த ஒரே ஆள் நான்தான். அது சரியா, தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி விஷயங்களை நான் உங்களிடம்தான் கேட்பது வழக்கம்.