திபுதிபு

என் அண்ணன் முட்டுக்காட்டில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு உப்பங்கழியில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வர வேண்டும். சாயங்காலம் கேளம்பாக்கத்தில் வீடு திரும்பியதும் அன்று நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்குவார். அவர் பேச்சில் பாதி ஓசைதான். படகு சர்ருன்னு கிளம்பும், தண்ணி சளார்னு மூஞ்சியில அடிக்கும், உட்கார்ந்திருக்கிறவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். இவ்வளவுதான் செய்தி. அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர் சட்டையே நனைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு மழைக்காலம் முடியும் சமயம், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அண்ணி எனக்குப் போன் செய்தார். நான் செங்கல்பட்டில் வேலை பார்க்கிறேன். அங்கிருக்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரச் சொன்னேன். மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். பிழைத்துக்கொண்டார். சில வாரங்களில் வலது காலை இழுத்து இழுத்து நடக்கவும் ஆரம்பித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் வாயைத் திறப்பார், தேடுவார், மூடிக்கொள்வார்.

ஒரு நாள் அண்ணி தம்ளரை நீட்டியபோது "கடகட" என்றார். அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. சிலருக்கு வாக்கியங்கள் போய்விடும், வாயில் ஊறிப்போன இந்த மாதிரிச் சொற்கள் மட்டும் தங்கிவிடும் என்றாள். அதைப் பிடித்துக்கொண்டே பேசிப்பாருங்கள் என்றும் சொன்னாள்.

அப்படித்தான் அந்த வீடு பேசப் பழகியது. கடகட என்றால் தண்ணீர் வேண்டும். சர்ரு என்றால் வெளியே கூட்டிப்போக வேண்டும். படபட என்றால் பயமாக இருக்கிறது. அப்போது பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஒருமுறை "குபுகுபு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் மூவரும் சிரித்தோம். இனி சமாளித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் அந்தச் சொல் வந்தது. ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "திபுதிபு" என்றார். மறுபடி "திபுதிபு". கண் கலங்கியிருந்தது. யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். கூட்டமா, பிள்ளைகளா, மாடுகளா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆமாம், இல்லை இரண்டும் அவருக்குக் கலந்துபோயிருந்தன. அதனால் அந்தத் தலையாட்டலை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியவில்லை. அதற்கப்புறம் நான் போகும் ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே பிடி.

அண்ணிதான் சுனாமியை நினைவுபடுத்தினார். அன்று அவர்கள் இருவரும் சதுரங்கப்பட்டினத்தில் அண்ணியின் அம்மா வீட்டில் இருந்தார்கள். கரையிலிருந்து ஜனம் அலறிக்கொண்டு ஓடிவந்ததை அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "அதாத்தான் இருக்கும் தம்பி. அங்க இட்டுகினு போய்ப் பாப்போம்" என்றார் அண்ணி.

வாடகைக்குக் கார் பிடித்துப் போனோம். அங்கிருக்கும் பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டி, படகுகள் ஏற்றிவைத்திருந்த மணலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார், ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலையைப் பார்த்தார். காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து "கடகட" என்றார். தண்ணீர் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கிக் கடற்கரையை நோக்கிக் கூட்டமாக ஓடினார்கள். அண்ணி குனிந்து கார் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"இதுவாய்யா? இப்டி ஓடியாந்தாங்களா? இன்னான்னு சொல்லுய்யா."

அண்ணன் பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்து, சன்னமான குரலில், கெஞ்சுகிற மாதிரி "திபுதிபு" என்றார்.

"புரியலண்ணா," என்றேன்.

கையை விட்டுவிட்டார். டீ கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் படங்கள் கொண்டுவந்து காட்டினாள். கூட்டம், மழை, ரயில், குதிரை. எல்லாவற்றையும் இடது கையால் ஒதுக்கித் தள்ளினார். அவருடன் படகு ஓட்டியவரைக் கூட்டிவந்தேன். அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. அண்ணனுடைய தலைக்குள் எங்கோ யாரோ ஓடிவருகிறார்கள், அல்லது ஓடிப்போகிறார்கள். அவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் நிற்கிற எங்களுக்குத்தான் கதவு திறக்கவில்லை.

அந்தச் சொல்லை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. அண்ணிதான் கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்பல்லாம் அத்த சொல்றதே இல்ல தம்பி. மறந்துட்டாரா, இல்ல இதுங்ககிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டாரா?"

மறந்திருந்தால் நல்லது என்று சொன்னேன். அண்ணி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அண்ணன் டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே மண்டிபோட்டு, முகத்துக்கு நேராக, "திபுதிபு" என்றார்.

அண்ணன் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளி ஏதோ சொன்னதைக் கேட்டதுபோல, மரியாதையாகச் சிரித்தார்.