வீரம்மாவின் இடப்பக்கம்

பரந்தன்–முல்லைத்தீவு ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்களில் எவனுக்கும் பொறுமை இருந்ததாக வரலாறு இல்லை. ஜெயந்தனுக்கு அது மருந்துக்கும் கிடையாது. மாடு ரோட்டில் படுத்திருந்தாலும் ஹோர்ன் அடிப்பான், அது எழும்பிப் போன பிறகும் அடிப்பான். முல்லைத்தீவில் காலையில் சனத்தை ஏற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் வரும்போது, பின்னால் வருகிற பஸ் எங்கே முந்திவிடுமோ என்று அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவனுக்குத் தர்மபுரம் தாண்டியதும் ஒவ்வொரு பள்ளிக்கூட நாளும் ஒரு தலையிடி காத்திருந்தது. அதன் பெயர் வீரம்மா.

பாவாடைக்கு மேலே புருசனின் நீளக்கைச் சேட்டு, தலையில் துவாய்க் கட்டு, ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவளுடைய இடப்பக்கத்தில், ரோட்டுக் கரையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். வலப்பக்கத்தில், பஸ்ஸின் சில்லு போக வேண்டிய இடத்தில், அவள் போவாள். பின்னால் வாகனச் சத்தம் கேட்டால் வலக்கையை நீட்டிவிடுவாள். எதிர்ப்பக்கம் வெளிக்கும்வரை அந்தக் கை இறங்காது. ஹோர்ன் அடித்தால் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் ஜெயந்தன் பஸ்ஸை அவளுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டினான்.

"என்ன அக்கா, இந்த ரோட்டென்ன உங்களுக்குச் சீதனமாத் தந்ததே?"

"சீதனம் இல்லைத் தம்பி," என்றாள் அவள், மிதிப்பதை நிறுத்தாமல். "பிள்ளையள் போகுதுகள். ஆறுதலாப் போங்கோ."

பஸ்ஸுக்குள் இருந்த சனம் சிரித்துவிட்டது. ஜெயந்தனுக்கு முகம் கறுத்துப்போனது.

கொண்டக்டர் சஜீவன் தர்மபுரத்துப் பெடியன். அவன்தான் அவளைப் பற்றிய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வீரம்மாவின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் அடி வாங்கி, உயிர் ஒன்றுதான் மிச்சம் என்று வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினார்கள். வீரம்மா இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் வீரையாவைக் கட்டினாள், கடைசி யுத்தத்தில் இங்கேதான் அவரையும் இழந்தாள். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது நிவாரணமாக ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். அதுவரை அவள் சைக்கிளில் ஏறியதே இல்லை. வாகனமே ஓடாத வெறும் ரோட்டில், விழுந்து எழும்பி, முழங்கால் தோலெல்லாம் உரித்துத்தான் பழகினாள். இப்போது முரசுமோட்டையில் நெல் காயப்போடுகிற இடங்களில் கூலி வேலை.

"பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தானே அண்ணை," என்றான் சஜீவன். "ஒருநாள் மணல் டிப்பர் லொறி ஒண்டு அடிச்ச காத்தில ஒரு பிள்ளை சைக்கிளோட விழுந்திட்டுது. காயம் இல்லை. ஆனா எழும்ப மாட்டனெண்டு நடுங்கிக்கொண்டு இருந்ததாம். இவா தூக்கி விட்டிட்டு, என்ர இந்தப் பக்கத்தால வா எண்டிருக்கிறா. அடுத்த நாள் மற்றப் பிள்ளையளும் வந்து சேந்திட்டுதுகள்."

"அதில அவவின்ர பிள்ளை எது?"

"ஒண்டும் இல்லை."

ஜெயந்தன் அடுத்த நாளிலிருந்து, ஏன் என்று தனக்கே தெரியாமல், அவளை உற்றுப் பார்க்கத் தொடங்கினான். டிரைவர் சீற் உயரமானது. கீழே தெரியாததெல்லாம் அங்கிருந்து தெரியும். எதிரே டிப்பர் வரும்போது அதன் காற்று வந்து அறையும் முன்பே சைக்கிள்காரன் எவனும் கரைப்பக்கம் சாய்வான். உயிர்ப்பயம் அப்படி. வீரம்மா டிப்பர் பக்கம் சாய்ந்தாள். காற்று தன்னைத் தூக்கிப் பிள்ளைகளின் மேல் போடாமல் இருக்கவேண்டும் என்று முழு உடம்பையும் அதன்மேல் வைத்தாள். டிப்பர் போனதும் நிமிர்ந்து, துவாயை இழுத்துக் கட்டிக்கொண்டு மிதித்தாள். இதை அவள் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு டிப்பருக்கும் செய்துகொண்டிருந்தாள். அதைக் கண்ட அன்று ஜெயந்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாளாச்சி கோயில் தீமிதிப்பில்கூட அவனுக்கு அப்படி ஆனதில்லை.

அதற்காக ஹோர்ன் அடிப்பதை அவன் அடியோடு விட்டுவிட்டான் என்று நினைக்க வேண்டாம். பிறவிக் குணம் எங்கே போகும்? ஆனால் அவளுக்குப் பின்னால் வரும்போது மட்டும் கையை மடியில் வைத்துக்கொள்வான்.

மாசி மாதம் வந்தது. காலபோக நெல்வெட்டு முடிந்து முரசுமோட்டையில் ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல் விரிந்து கிடந்தது. வன்னியில் இது வழக்கம். தார் ரோட்டைப்போல நெல்லைக் காயவைக்கிற களம் வேறு எங்கே இருக்கிறது? கரையில் கல்லை வைத்து, படங்குச் சீலையை விரித்து, நெல்லைக் கொட்டிவிட்டால் வாகனங்கள் மற்றப் பாதியால்தான் போகவேண்டும். அந்த நெல்லில் யாரும் சில்லை ஏற்ற மாட்டார்கள். கால் வைப்பதென்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைப்பார்கள். குடித்துவிட்டு வருகிறவனுக்குக்கூட அந்த இடத்தில் அறிவு வந்துவிடும்.

அந்த வருசம் பிள்ளைகளோடு கம்சா என்று ஒரு புதுப்பிள்ளை சேர்ந்திருந்தது. தகப்பன் மெல்ரொன் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழிலுக்குப் போகிறவர். பிள்ளை பெரியம்மா வீட்டில் நின்று படித்தது. மீனைப் பற்றி எது கேட்டாலும் சொல்லும், நெல்லைச் சோறாக மட்டும்தான் கண்டிருந்தது. வெட்டுத் தொடங்கிய புதிதில் சப்பாத்துக் காலோடு நெல்லுக்குள் இறங்கிவிட்டது. வீரம்மா சைக்கிளை விட்டு இறங்கி வந்து அதன் காதைப் பிடித்தாள்.

"இது சாமி, விளங்குதோ? ஆக்கள் சேத்துக்க நிண்டு விளைவிச்சது. சப்பாத்தைக் கழட்டாம இதில கால் வைக்கக்கூடாது."

கெட்டிக்காரப் பிள்ளை. ஒருதரம் சொன்னால் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை யாரோ வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். புகை எழும்பி ரோட்டுக்குக் குறுக்கே மதில்போல நின்றது. இடப்பாதி முழுக்கக் கிருபன் என்ற கமக்காரரின் நெல். அதை விரித்துக் கிளறுவதே வீரம்மாவின் வேலை. பிள்ளைகளும் அவளும் மற்றப் பாதியில், வாகனம் எதிரே வருகிற பாதியில், போய்க்கொண்டிருந்தார்கள். வேறு வழி இல்லை. பின்னால் ஜெயந்தன் பஸ்ஸை ஊரவிட்டுக்கொண்டு வந்தான்.

புகைக்குள்ளிருந்து மணல் டிப்பர் ஒன்று பாய்ந்து வந்தது.

அது தன் பக்கத்தால்தான் வந்தது, பிழை சொல்ல முடியாது. வந்த வேகம்தான் பிழை. ஜெயந்தன் பஸ்ஸை நிறுத்தி, லைற்றை அடித்து, ஹோர்னில் படுத்தே விட்டான்.

"நெல்லுக்க இறங்குங்கோ!" என்று வீரம்மா கத்தினாள்.

பிள்ளைகள் நெல்லின் கரையில் பிரேக் பிடித்து நின்றார்கள். நின்றே விட்டார்கள். ஒருவராவது சில்லை ஏற்றவில்லை. பிறந்த நாள் தொட்டு ஏற்றாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எப்படி ஏற்றுவார்கள்? வீரம்மா தன் சைக்கிளைத் திருப்பி, செருப்புக் காலோடு, நெல்லின் நடுவே ஓட்டினாள். நெல் இரண்டு பக்கமும் சிதறியது. அதைக் கண்ட பிறகுதான் பிள்ளைகள் விழுந்தடித்து அவளுக்குப் பின்னால் பாய்ந்தார்கள்.

கம்சா மட்டும் வரவில்லை. ரோட்டில் குனிந்து நின்று சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வீரம்மா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையைத் தூக்க நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கப் போகவில்லை. பிள்ளையைத் தாண்டி டிப்பருக்கு நேரே போய் நின்று கையை நீட்டினாள். இடுப்பளவு உயரச் சில்லுகள் தாரில் தேய்ந்து கதறின. றபர் எரிகிற மணம் வந்தது. டிப்பர் கோணலாகத் திரும்பி, குலுங்கி, அவள் கையைத் தொடுகிற தூரத்தில் நின்றது. கை அப்போதும் நீட்டியபடி இருந்தது.

டிப்பர்காரன் இறங்கி வந்து பேயறைந்தவன்போல ரோட்டில் குந்திவிட்டான். ஜெயந்தன் அவனை உண்டு இல்லை என்று பண்ணத்தான் பஸ்ஸிலிருந்து குதித்தான். வீரம்மாவைக் கண்டதும், இப்படியும் ஒரு மனிசியா என்று மலைத்துப்போய் நின்றான்.

அவள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கம்சாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இறங்கெண்டு சொன்னனான் எல்லோ. ஏன் நிண்டனி?"

கம்சாவின் ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில்.

"சப்பாத்தோட நெல்லில ஏறக்கூடாதெண்டு நீங்கள்தானே அன்ரி சொன்னனீங்கள்."

டிப்பருக்கு அசையாத வீரம்மா அந்தச் சொல்லுக்கு விழுந்தாள். ரோட்டிலேயே குந்தியிருந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் பயந்து போனார்கள். அவள் அழுது அவர்கள் கண்டதில்லை.

அதற்குள் கிருபன் வயலுக்குள்ளால் ஓடி வந்தார். படங்கு கிழிந்து, பாதி நெல் கரை மண்ணோடு கலந்து கிடந்தது. ஒருபோக உழைப்பு. கோபக்கார மனிசன். என்ன சொல்லப் போகிறாரோ என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம் அவரையே பார்த்தது.

வீரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அவரிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று ஜெயந்தன் நினைத்தான். அவள் கம்சாவின் வெறுங்காலில் சப்பாத்தை மாட்டினாள், நாடாவை இறுக்கிக் கட்டினாள், கையைப் பிடித்து நெல்லின் நடுவே கூட்டிக்கொண்டு போனாள்.

"மிதி," என்றாள்.

பிள்ளை அசையவில்லை. கிருபனைப் பார்த்தது. கிருபன் கோணி நின்ற டிப்பரைப் பார்த்தார், தாரில் கிடந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார், அது எந்த இடத்தில் முடிகிறது என்றும் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கி வந்தார்.

"மிதி பிள்ளை," என்றார். "வாகனம் வந்தா மிதிக்கோணும். என்ர நெல்லெண்டாலும் மிதிக்கோணும், ஆற்ற நெல்லெண்டாலும் மிதிக்கோணும். எல்லாரும் வாங்கோ."

மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சப்பாத்துக் காலோடு நெல்லுக்குள் வந்தார்கள். ரோட்டில் இரண்டு பக்கமும் வாகனங்கள் சேர்ந்துவிட்டன. எவனும் ஹோர்ன் அடிக்கவில்லை. வயதுபோன ஆச்சி ஒருத்தி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். ஜெயந்தனுக்குக் கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

கம்சா அழுதுகொண்டே மிதித்தாள். வீரம்மா பிடித்த கையை விடவில்லை.

"இன்னும்," என்றாள். "பழகும்வரைக்கும் மிதி."