பெருக்காத வாசல்

அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகனின் வணக்கம்.

அம்மா மடுகரையில் பிறந்தார். பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அப்பா சீக்கிரமே போய்விட, நடவு, களை, கரும்பு வெட்டு என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போய் என்னைப் படிக்கவைத்தார். எவ்வளவு களைத்து வந்தாலும் வீட்டையும் வாசலையும் போட்டது போட்டபடி விட்டுப் படுத்தவர் இல்லை. எலி வளைகளைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடைப்பார். விறகைத் தரையில் போடாமல் செங்கல் மேல் அடுக்குவார். வாசலில் நிற்கும் பாதாம் மரத்தோடுதான் அவருக்கு ஓயாத சண்டை. இலை ஒவ்வொன்றும் கையகலம் இருக்கும்.

"எல சேந்தா பூச்சி வந்து பட்த்துக்கும்டா" என்பார். பாம்பு என்ற சொல் அவர் வாயில் வராது. நாளைக்கு மூன்று முறை பெருக்குவார்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் துடைப்பத்தைக் கீழே வைப்பார். நான் சென்னைக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வாசலைப் பெருக்க மாட்டார்; பெருக்கினால் போனவருக்கு ஆகாது என்பார். "போன் பண்ணுடா. அதுவரிக்கும் தொடப்பம் எடுக்க மாட்டன்." நான் சிரிப்பேன். "இன்னாம்மா நீ, இன்னும் இதெல்லாம் பாத்துக்கினு" என்பேன். ஆனாலும் இறங்கியதும் பேசிவிடுவேன்.

போன ஆண்டு ஒரு நாள் மட்டும் பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆபீஸுக்கு ஓடினேன். அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். பார்த்தேன். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு சுத்தமாக மறந்துபோனேன்.

பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, அம்மாவ பூச்சி கட்ச்சிடுச்சுப்பா. காஞ்ச துணிய எடுக்கப் போனாங்க, எலக்குள்ள இருந்திருக்குது. காத்தாலேர்ந்து பெருக்கலியேன்னு கேட்டன். புள்ள இன்னும் போன் பண்ணலன்னாங்க."

மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். கால் கறுத்து வீங்கியிருந்தது. நான் கட்டிலருகே போனதும் கண்ணைத் திறந்து, "நல்லபடியா போய் சேந்தியாடா?" என்றுதான் கேட்டார். "சேந்துட்டன்மா" என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை.

நேரம் வந்துவிட்டது, உன் மேல் தப்பில்லை என்று பலரும் ஆறுதல் சொன்னீர்கள். அந்த நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் அது என்னைத் தேற்றவில்லை. இனித் தேற்றும் என்றும் தோன்றவில்லை.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அக்காவுக்கும் அவர் கணவருக்கும், ஆட்டோ ஓட்டி வந்தவருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், காரியங்களில் உடன் நின்ற எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இன்று சாப்பிட்டுவிட்டு நீங்கள் கிளம்பியதுமே, நீங்கள் தெருமுனை தாண்டும் முன்பே, வாசலைப் பெருக்கிவிடுவேன். யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.